இருமல் கேட்கும் வீடு

அக்டோபர் 6, வெள்ளி

இன்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஊசி. அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது, மதினிக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு ஐம்பத்தொன்று. இந்த வயதில் வரிசையில் நின்று கையை நீட்ட வேண்டும் என்று அண்ணன் மகள் நிவேதா ஓசூரிலிருந்து உத்தரவு போட்டுவிட்டாள். வளைகாப்பு முடிந்து முதல் பிரசவத்துக்குக் கோவில்பட்டிக்கு வருகிறாள். அவள் வருவதற்குள் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் கக்குவான் இருமலுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டுமாம். அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் கூடவே நிமோனியா ஊசியும் ஃப்ளூ ஊசியும்.

"அம்பத்தாறு வயசுல எனக்குச் சொட்டு மருந்தும் ஊத்துவாகளோ?" என்று அண்ணன் ஆட்டோவில் போகும்போது புலம்பிக்கொண்டே வந்தார்.

கிளினிக் டாக்டரம்மா பொறுமைசாலி. "ஊசின்னா பிள்ளைகளுக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். சின்னதுல போட்டதோட வலு வருசம் போகப் போகக் கொறஞ்சிரும். பெரியவங்களுக்கு இந்த நோய் வெறும் இருமலா வந்துட்டுப் போயிரும். பச்சப்பிள்ளைக்கு அப்படி இல்ல. சில பிள்ளைக்கு இருமலே வராது, மூச்சுதான் நிக்கும். அதுக்கு முதல் ஊசி போட ஒன்றரை மாசம் ஆகணும். அதுவரைக்கும் கூட இருக்கிறவங்க போட்டுக்கிடுறதுதான் அதுக்குப் பாதுகாப்பு" என்றார்.

அண்ணனும் மதினியும் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். என் முறை வந்தது. நர்ஸ் பெண் ஃபாரம் நிரப்பினாள். என் பெயர் செண்பகவல்லி. வேலை, கேஸ் ஏஜென்சியில் போன் எடுப்பது. "எத்தனை பிள்ளைங்க?" என்றாள். இல்லை என்றேன். "ஒண்ணுகூடவா இல்ல?" கல்யாணம் ஆகவில்லை என்றேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தவள் அப்படியே வெளியே வந்துவிட்டேன். பக்கத்து மெடிக்கலில் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி இடது கையில் ஒட்டிக்கொண்டேன்.

இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அடுத்த வாரம் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

சாயங்காலம் மதினி தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கை விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. உனக்கு?" என்று கேட்டாள். எனக்கும் என்றேன்.

அக்டோபர் 12, வியாழன்

நிவேதா வந்துவிட்டாள். வயிறு இறங்கி, முகம் வீங்கி, அதிகாரம் மட்டும் குறையாமல். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காகிதம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அப்பா, அம்மா, அத்தை, நான். முதல் மூன்று பெயருக்கு எதிரே சிவப்பு டிக்.

"எல்லாரும் போட்டாச்சுல்ல அத்தை?"

"போட்டாச்சுட்டி."

"எனக்குப் போடப் போன அன்னைக்குத்தான் காய்ச்சல் வந்துட்டு. இனி இங்க வச்சுத்தான் போடணும்."

நான்கு கிலோ அரிசி ஊறப்போட்டேன். முறுக்கு கேட்டிருக்கிறாள்.

அக்டோபர் 17, செவ்வாய்

லாரி வரவில்லை. காலையிலிருந்து எழுபது போன். எழுபது பேருக்கும் "சிலிண்டர் நாளைக்கு வந்துரும்" என்று ஒரே பொய். கிளினிக் போக நேரமில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடித்தேன். தூசி ஏறி மூக்கில் தண்ணீராகக் கொட்டுகிறது. தொண்டையில் லேசான கரகரப்பு. தூசிதான்.

அக்டோபர் 24, செவ்வாய்

நிவேதா ஊசி போட கிளினிக் போனாள். "அத்தை, துணைக்கு வாங்க" என்றாள். அந்த நர்ஸ் பெண் என்னைப் பார்த்ததும், நீங்கதானே பாதியில போனீங்க என்று கேட்டுவிட்டால்? தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். மதினி கூடப் போனாள். திரும்பி வந்து நாலாவது டிக்கையும் போட்டார்கள்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். நினைத்தேன். பிறகு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 28, சனி

ஆபீஸில் ஒரு விசித்திரம். இலுப்பையூரணியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பதிவு எண் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, "அங்க ஒரு கைப்பிள்ளை இருமுதே, அதைப் பாருங்கம்மா மொதல்ல. நான் பெறகு கூப்பிடுதேன்" என்றார்.

ஆபீஸில் நானும் கணக்கரும் மட்டும்தான். அவரும் சாப்பிடப் போயிருந்தார். லைனில் வேறு யாருடைய வீட்டுச் சத்தமாவது குறுக்கே வந்திருக்கும். எனக்குக் கண் கலங்கி, மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. வெயில்.

அக்டோபர் 30, திங்கள்

பால் ஊற்றும் சீனியம்மாள் வாசலில் நின்று கேட்டாள். "நிவேதாவுக்கு அதுக்குள்ள பிள்ளை பிறந்துட்டா? சொல்லவே இல்லையே."

"இன்னும் ஒரு மாசம் இருக்கே."

"அப்ப உள்ள இருமுனது யாரு? பச்சப்பிள்ளை கூவி இழுக்குத மாதிரி கேட்டுச்சே."

பக்கத்து வீடாக இருக்கும் என்றேன். பக்கத்து வீடு பூட்டி மூன்று மாதம் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும்.

இந்த வாரம் ஆபீஸுக்கு லீவு போட்டிருக்கிறேன். மத்தியானம் எனக்கும் கேட்டது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில், தொட்டில் கட்டப்போகும் கொக்கிக்கு நேர் கீழே நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆறேழு இருமல், ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் மூச்சுவிட இடமில்லாமல். அப்புறம் அந்தக் கூவல். வெளியே விடும் சத்தமில்லை, உள்ளே இழுக்கும் சத்தம். அறையில் யாருமில்லை. சமையலறைக்குப் போனேன், அங்கேயும் வந்தது. கொல்லைக்குப் போனேன், அங்கேயும். நான் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வருகிறது.

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் பதினெட்டு நாள் கேட்டது. தம்பிக்கு ஐந்து மாதம். பத்தொன்பதாம் நாள் கேட்கவில்லை.

நவம்பர் 1, புதன்

ஐந்து வாரம் முன்னாலேயே நிவேதாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். அழுகை பூனைக்குட்டி மாதிரி. ஆனால் அழுகிறான், பால் இழுக்கிறான். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே.

சந்தோஷத்தில் அண்ணன் சர்க்கரையை மறந்து இரண்டு அல்வா தின்றுவிட்டார்.

நவம்பர் 3, வெள்ளி

மிக்ஸி ஓடும்போது அது கேட்பதில்லை. இதைக் கண்டுபிடித்ததில் ஒரு நிம்மதி. வருவது எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. தொண்டைக்குள் யாரோ இறகால் தடவுவது போல இருக்கும். உடனே போய் மிக்ஸியைப் போட்டுவிடுவேன். இன்று ஐந்து முறை போட்டேன். அரைக்க ஒன்றுமில்லை.

அண்ணன் சாப்பிட வந்தவர், "என்ன, சட்னியே இல்ல?" என்றார்.

வலது விலாவில் குத்துகிறது. மதியம் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. இடது கண்ணின் வெள்ளையில் ரத்தப் பொட்டு. மிளகாய்த்தூள் பட்டுவிட்டது என்று மதினிக்குப் போனில் சொல்லி வைத்தேன், நாளைக்கு வந்து பார்த்தால் பயப்படுவாளே என்று.

நவம்பர் 6, திங்கள்

குழந்தை வீட்டுக்கு வந்தது.

வந்ததும் சேனை வைக்க வேண்டும் என்றாள் மதினி. எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல குணமுள்ள ஒருவர் விரல் நுனியால் சீனித்தண்ணீர் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பது. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். நிவேதா மறுத்தாள். "தாய்ப்பால் தவிர ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காக."

"ஒரே ஒரு சொட்டுட்டி. உன் அத்தை வைக்கட்டும். இந்த வீட்ல கோவமே வராத ஒரு ஆளு அவதான்."

நிவேதா என்னைப் பார்த்தாள். சிரித்தாள். "சரி, அத்தைன்னா வைக்கலாம். ஊசியும் போட்டிருக்காக. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க அத்தை."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். அண்ணன் செல்போனைப் படமெடுக்கத் தூக்கிப் பிடித்திருந்தார், மதினி கிண்ணத்தை நீட்டினாள். ஐம்பத்தொரு வருடத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு என்னை முதலில் கூப்பிட்டது இதுதான். கழுவிவிட்டு வந்தேன்.

மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தேன். நாக்கு என் விரலைச் சப்பியது. அதற்குள் தொண்டையில் அந்த இறகு. அடக்கினேன், அடக்கினேன், முடியவில்லை. அவன் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. ஒன்றுதான். சின்னது.

"புரையேறிட்டா அத்தை?" என்றாள் நிவேதா.

நவம்பர் 9, வியாழன்

மிக்ஸி மோட்டார் எரிந்துவிட்டது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. தெரு முழுக்கப் புகை. எல்லோரும் இருமுகிறார்கள், அதனால் என் இருமல் இன்று யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

பட்டாசு ஓய்ந்த சாயங்காலத்தில் நிவேதா தொட்டில் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை, கொல்லைல யாரு? குழந்தை கூவுத மாதிரி கேக்குது. எனக்கு உடம்பெல்லாம் சில்லுங்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றேன். நான்தான் அப்போது கொல்லையிலிருந்து வந்துகொண்டிருந்தேன்.

தம்பியைப் பற்றி இன்று அதிகம் நினைவு. அவனுக்கு வருவதற்கு முன்னால் எனக்கு இருமல் இருந்தது. அவனைத் தூக்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் தூக்கவில்லை.

நவம்பர் 15, புதன்

காலை பத்தரை. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த மதினி கத்தினாள். குழந்தை இருமவில்லை, அழவில்லை. வாயைத் திறந்தபடி கிடந்தான், உதடு நாவல்பழ நிறம். நிவேதா தூக்கிக் குலுக்கி முதுகைத் தட்டினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு ஒரு மூச்சு இழுத்தான்.

காரில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் பின்னால் பஸ்ஸில் போனேன்.

நவம்பர் 16, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி, குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. இன்று மறுபடி இரண்டு தடவை மூச்சு நின்றதாம். இருதயமா, பால் நுரையீரலில் இறங்கிவிட்டதா, வலிப்பா என்று பார்க்கிறார்கள்.

டாக்டர் இளைஞர். வெளியே வந்து எங்கள் நான்கு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். "வீட்டுல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா? கக்குவான் இருமலுக்கு எல்லாரும் ஊசி போட்டிருக்கீங்களா?"

நிவேதா பதில் சொன்னாள். "எல்லாருமே போட்டுட்டோம் டாக்டர். நான் லிஸ்டே எழுதி வச்சிருக்கேன். எனக்கு மட்டும் லேட்டா, பிறக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான்."

"அது குழந்தைக்குப் போய்ச் சேர நாள் பத்தாதே. சரி, கூட இருந்தவங்க போட்டிருக்கீங்கள்ல."

அண்ணன் தலையாட்டினார். மதினி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். கையிலிருந்த தாளில் டாக்டர் ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

தொண்டையில் இறகு வந்ததும் ஓடிப்போய் லிஃப்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கே ஒரு பெண் தன் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். கூவல் கேட்டதும் என்னைப் பார்த்தாள், பிறகு என் கையில் குழந்தை இருக்கிறதா என்று தேடினாள்.

நவம்பர் 17, வெள்ளி

அடித்த வரி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நவம்பர் 18, சனி

காலையில் நான்கு முறை. நான்காவது முறை முகத்தில் பையை வைத்து அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். காரணம் பிடிபடவில்லை என்று டாக்டர், ஓசூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறதாம். இருக்கும். அவர்கள் தேட வேண்டிய இடத்தை அடித்துவிட்டல்லவா தேடுகிறார்கள்.

வராந்தா நாற்காலியில் நிவேதா தனியாக உட்கார்ந்திருந்தாள். மார்பில் பால் கட்டி நைட்டி நனைந்திருந்தது. பக்கத்தில் உட்காராமல் நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

"ஏன் அங்க போய் உக்காருதீங்க?"

"நிவேதா, நான் ஊசி போடலட்டி."

அவளுக்குப் புரியவில்லை. "எந்த ஊசி?"

"அன்னைக்குப் பாதில எந்திரிச்சு வந்துட்டேன். பஞ்சு நானா ஒட்டுனது. எனக்கு இருமல் இருக்கு. நெறைய நாளா இருக்கு."

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் எழுந்து நின்றாள். "எந்தத் தேதியில இருந்து?"

"சரியா ஞாபகமில்ல."

"டைரி எழுதுவீங்கள்ல. அதுல இருக்கும். எங்க?"

பைக்குள்தான் இருந்தது. அதைக் கொடுத்தால் எல்லாவற்றையும் படிப்பாள். நர்ஸ் கேட்டது, மிக்ஸி, சேனை, எல்லாம். இன்றைக்கு உள்ளதையும் எழுதி முடித்துவிட்டுத் தருகிறேன் என்று இரண்டு நிமிடம் கேட்டேன். எதிரே நின்றுகொண்டிருக்கிறாள். எழுதி முடிக்கக் காத்திருக்கிறாள்.

தம்பியை நான் தூக்கினேன். தினமும் தூக்கினேன். அம்மா குளிக்கப் போகும் நேரமெல்லாம்.

நவம்பர் 19, ஞாயிறு

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். டைரி டாக்டரிடம் இருக்கிறது.

நேற்று அவர் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, முகக்கவசம் கொடுத்து, மூக்கிற்குள் குச்சி விட்டுப் பரிசோதனைக்குச் சளி எடுத்தார். என் டைரி அவர் முன்னால் திறந்திருந்தது. சில தேதிகளைத் தனித்தாளில் குறித்திருந்தார்.

"இதை மட்டும் தெளிவுபடுத்துங்கம்மா. அக்டோபர் இருபத்தெட்டு, ஆபீஸ்ல ஒரு கைக்குழந்தை இருமுது. முப்பதாம் தேதி உங்க வீட்டுல இருமுது. தீபாவளிக்குக் கொல்லைல. வீட்டுக்கு வேற குழந்தை யாரும் வந்து போச்சா? அந்தக் குழந்தைக்கும் வைத்தியம் பார்க்கணும்."

"வேற குழந்தை இல்ல டாக்டர்."

"அப்ப இது யாரு?"

கதவருகே நிவேதா நின்றாள். அண்ணனும் நின்றார். நான் வாயைத் திறந்தேன், இறகு வந்தது. ஒளிய இடமில்லை, மிக்ஸி இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினேன், மூச்சில்லாமல் இருமினேன், கடைசியில் காற்றை இழுத்தபோது அந்தக் கூவல் என் வாயிலிருந்து வந்தது. அந்தச் சின்ன அறையில் எல்லோரும் கேட்டார்கள். நிவேதா காதைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான்" என்றேன்.

நேற்று மாலை நாலேகாலுக்கே குழந்தைக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும், வீட்டில் எல்லோருக்கும் ஐந்து நாள் மாத்திரை. இன்று காலைவரை ஒரே ஒரு தடவைதான் மூச்சு நின்றதாம். இன்னும் இரண்டு நாள் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டிசம்பர் 20, புதன்

ஏஜென்சியின் பழைய நோட்டில் எழுதுகிறேன். டைரி திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.

குழந்தை பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே விருதுநகர், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மதினி என்னைத் திட்டவில்லை. தட்டு வைத்து, "சாப்பிடு" என்கிறாள், அதோடு சரி. அண்ணன் வழக்கம்போலப் பேசுகிறார், என் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு வாரமாகத் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு நிவேதாவிடமிருந்து போன் வரும். எடுத்தால் பேச மாட்டாள். போனைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். அவன் இருமுவது கேட்கும். ஆறேழு இருமல், அப்புறம் கூவல், அப்புறம் ஒன்றுமே கேட்காத ஒரு நேரம், அப்புறம் அழுகை. முழுதாக அடங்க நூறு நாள்கூட ஆகலாமாம். நானும் பேச மாட்டேன். சத்தமே இல்லாத அந்த நேரத்தில் எனக்கும் மூச்சு ஓடாது. அவளாக வைக்கும்வரை நான் வைத்ததில்லை.

இன்று நான்கு மணிக்குக் கேட்டது ஒரே ஒரு சின்ன இருமல். பிறகு பால் குடிக்கும் சத்தம். நெடுநேரம் அதுதான் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"அத்தை" என்றாள். ஒரு மாதத்தில் முதல் தடவை.

"சொல்லுட்டி."

"ஊசி போட்டாச்சா?"

"போன வெள்ளிக்கிழமை போட்டேன்மா."

அந்தப் பக்கம் குழந்தையைத் தோள் மாற்றிப் போடும் சத்தம் கேட்டது.

"சீட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கிளினிக் முத்திரையும் தேதியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்து அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டாள். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். படிக்கட்டும்.